பின்வரிசையில் ஐந்து சனிக்கிழமைகள்

சேலையூர்
26 அக்டோபர் 2025

சுபா,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். பம்மலில் உன் அப்பா வீட்டு வாசல்வரை இரண்டு தடவை வந்தேன், கதவு திறக்கவில்லை. "பேசினா நடுவுல பூந்து பேசுவாரு, எழுதச் சொல்லு" என்று ஓவியாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை.

நீ ஏன் போனாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் குடித்தேனா, அடித்தேனா? நம் கடை காம்ப்ளெக்ஸ் மாடியை எலியேசர் சாரின் மியூசிக் கிளாஸுக்கு வாடகைக்கு விட்டோம். சும்மா போய் எட்டிப் பார்த்தவன் அவரிடமே டிரம்ஸ் கற்றுக்கொண்டேன். ஆறு வருஷம் வாசித்துப் பழகி, இப்போது நாலு பேர் சேர்ந்து ஜாஸ் கச்சேரி செய்கிற அளவுக்கு வந்திருக்கிறோம். போன மாதம் அதே மாடி ஹாலில் முதல் கச்சேரி. நம் கேம்ப் ரோடு ஜனமே வந்தது. மறுநாள் காலை நீ பெட்டியோடு ஆட்டோ ஏறிவிட்டாய். ஊரில் எல்லாரும் துளசிங்கம் வாசித்தது அவ்வளவு மோசமா என்று என்னைக் கேலி செய்கிறார்கள்.

நவம்பரில் ஐந்து சனிக்கிழமை வருகிறது. ஐந்திலும் கச்சேரி. முதலும் கடைசியும் நம் மாடியில். நடுவில் காட்டாங்குளத்தூரில் ஓவியாவின் காலேஜ், பல்லாவரத்தில் ஒரு சர்ச் ஹால், மேடவாக்கத்தில் ஒரு காபிக்கடை. எல்லாம் சாயங்காலம்தான். ஒரு மாதம் வந்து கேள். நான் எதற்காக இதைச் செய்கிறேன் என்று உனக்கே புரியும். அதற்கப்புறம் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று நீயே சொல். நீ சொல்வதைக் கேட்கிறேன்.

அம்மாவும் உன்னைக் கேட்கிறாள்.

துளசிங்கம்


பம்மல்
29 அக்டோபர்

ஓவியாவின் அப்பாவுக்கு,

ஏன் போனேன் என்று விளங்கவில்லை என்கிறீர்கள். விளங்காத மாதிரி இருப்பது உங்கள் வீட்டுக்கே கைவந்த கலை. விளங்க வைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் பாடிக்கொண்டிருந்தேன். தோல் பேக்டரி ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பா, என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் குரோம்பேட்டைக்குப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போவார். வானொலி ஆடிஷனில் முதல் தடவையே தேறினேன். இதெல்லாம் தெரிந்துதான் பெண் கேட்டு வந்தீர்கள். "பொண்ணு நல்லா பாடுது" என்று உங்கள் அப்பாவே சொன்னார்.

கல்யாணமான முதல் மார்கழியில் குரோம்பேட்டை சபாவில் மத்தியானக் கச்சேரி ஒன்று கொடுத்தார்கள். அழைப்பிதழில் என் பெயரை அச்சடித்தும் விட்டார்கள். அதைச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். அத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஊரு ஆம்பளைங்க எதிர்க்க மேடை ஏறி வாயத் தொறக்கற பொம்பள நம்ம வூட்டுக்குத் தோதுபடாது. இன்னா துளசி, நீ இன்னா சொல்றே?" என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து சுபா" என்றீர்கள்.

ஊற்றினேன். அத்தோடு என் பாட்டு முடிந்தது.

போன மாதம் மாடி ஹாலில் அதே அத்தை அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, "எம் புள்ளதான், எம் புள்ளதான்" என்று கைதட்டினார். நான் வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, காலி டம்ளர் தட்டோடு கதவோரம் நின்றிருந்தேன். இப்போது விளங்குகிறதா?

வருகிறேன். ஐந்து சனிக்கிழமையும் வருகிறேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்காருவேன். நீங்கள் என் பக்கம் வரக்கூடாது, பேசக்கூடாது. உங்கள் மனைவி என்று யாருக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. மாதம் முடிந்ததும் பதில் சொல்கிறேன். இதற்கு ஒப்புக்கொண்டால் மட்டும்.

சுபத்ரா


சேலையூர்
2 நவம்பர்

சுபா,

உன் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன். உன் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனால் நீ செய்தது என்ன?

அந்த மூன்றாவது உருப்படியில்தான் என் சோலோ. எலியேசர் சார் பியானோவை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். பேஸ் கிதார்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கிற இடம். இதற்காகத்தான் ஆறு வருஷம் என் மணிக்கட்டு தேய்ந்தது. நான் ஆரம்பித்து நாலு தட்டு தட்டியிருப்பேன், நீ எழுந்தாய். கைப்பையை மாட்டிக்கொண்டு நேராகக் காபி மேசைக்குப் போனாய். உன்னைப் பார்த்து உன் வரிசை எழுந்தது. அதைப் பார்த்து முன்னால் இருந்த ரிட்டயர்டு சார்கள் எல்லாம் எழுந்தார்கள். நான் காலி நாற்காலிகளுக்கு வாசித்தேன். சமோசா தட்டைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது, நான் இங்கே வேர்த்து வழிகிறேன்.

பேஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அம்மா ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

பழிவாங்குவதென்றால் நேராக வாங்கு. நாலு பேர் எதிரில் இப்படி மானத்தை வாங்காதே.

துளசிங்கம்


பம்மல்
4 நவம்பர்

ஓவியாவின் அப்பாவுக்கு,

நான் வேண்டுமென்று செய்யவில்லை. நம்பினால் நம்புங்கள்.

எங்கள் சபாக்களில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கினார் என்றால் பாதிக் கூட்டம் எழுந்து கான்டீனுக்குப் போகும். தப்புதான், ஆனால் பழக்கம். சிறு வயதில் அப்பா எனக்கு அந்த நேரத்தில்தான் போண்டா வாங்கித் தருவார். உங்கள் ஆட்கள் வாத்தியத்தை நிறுத்தியதும் என் கால் தானாக எழுந்துவிட்டது. கையில் காபி வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. மற்றவர்களும் மார்கழிக்கு மார்கழி அதே சபாக்களுக்குப் போகிறவர்கள்தான். அவர்களுக்கும் அதே கால்.

திரும்பிப் பார்த்தபோது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக்கொண்டிருந்தீர்கள். பாவமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு சோலோவுக்கு ஆள் எழுந்து போனதற்கே உங்களுக்கு மானம் போய்விட்டது. ஒரு கச்சேரியே இல்லாமல் போனவளுக்கு என்ன போயிருக்கும் என்று இப்போதாவது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனிமேல் எழுந்திருக்க மாட்டேன்.

சுபத்ரா


பம்மல்
9 நவம்பர்

ஓவியாவின் அப்பாவுக்கு,

நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன்.

காட்டாங்குளத்தூரில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் முதலில் எனக்குத் தலை வலித்தது. பாட்டு நடுவில் ஒருவர் தனியாக வாசித்து முடிக்கும்போதெல்லாம் கைதட்டுகிறார்கள். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் பாட்டுக்குத் தட்டுகிறார்கள். ஓவியா தன் தோழிகளிடம் "எங்கப்பா, எங்கப்பா" என்று குதித்தாள். நான் பின்னால் இருந்ததை அவள் பார்க்கவில்லை.

அப்புறம் மெதுவாக ஒரு பாட்டு வந்தது. நீங்கள் குச்சியை வைத்துவிட்டு, கம்பியால் ஆன சின்னத் துடைப்பம் மாதிரி இரண்டை எடுத்துத் தோல்மேல் தேய்த்தீர்கள். எலியேசர் சார் பியானோவில் ஏதோ யோசிப்பவர்போல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் நிறுத்தினால் நிறுத்தினீர்கள். அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் மெதுவாக எடுத்துக் கொடுத்தீர்கள். ஒரு தடவைகூட அவரை முந்தவில்லை, அவர்மேல் ஏறவில்லை. இவ்வளவு பொறுமையான மனுஷன் யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தீர்களே, நான் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்த நாள் ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் தொடங்கினால்கூட அதற்குள் நீங்கள் வேறு பேசியிருப்பீர்கள். உங்களுக்குக் கேட்கத் தெரியாது என்று இதுநாள்வரை நினைத்திருந்தேன். அதில் ஒரு சமாதானம் இருந்தது. நேற்று அதுவும் போயிற்று. உங்களுக்குக் கேட்கத் தெரியும், நன்றாகவே தெரியும். என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வரும் ரயிலில் அழுதேன். தாம்பரம் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சுபத்ரா


சேலையூர்
12 நவம்பர்

சுபா,

உன் கடிதத்தை எலியேசர் சாரிடம் படித்துக் காட்ட ஆசையாக இருந்தது. (காட்டவில்லை, பயப்படாதே.) நான் அந்தக் கம்பி பிரஷால் வாசித்ததை இவ்வளவு நுணுக்கமாக யாரும் கேட்டதில்லை. பார்த்தாயா, உனக்கு ஜாஸ் பிடித்துவிட்டது. நான்தான் சொன்னேனே, வந்து கேட்டால் புரியும் என்று.

மற்றதெல்லாம் பழைய கதை. அன்றைக்கு நான் என்ன செய்திருக்க முடியும்? அப்பா உயிரோடு இருந்தார். வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். ஏர் ஓட்டின குடும்பம், நிலத்தைக் கடைகளாக மாற்றி நாலு பேர் மதிக்கிற மாதிரி அப்போதுதான் தலை நிமிர்ந்தோம். "துளசிங்கம் பொண்டாட்டி மேடையில பாடறா" என்று பங்காளிகள் பேசியிருப்பார்கள். அம்மா அந்தக் காலத்து மனுஷி, இப்போது மாறிவிட்டாள். மாறினது தப்பா?

நீயும் விடாப்பிடியாகக் கேட்டிருக்கலாம். ஒரு தடவை காட்டினாய், அவள் வேண்டாம் என்றாள், நீ மடித்து உள்ளே வைத்துவிட்டாய். உனக்கு அவ்வளவு வேண்டியிருந்தால் சண்டை போட்டிருக்க மாட்டாயா?

சனிக்கிழமை மழை என்கிறார்கள். குடை எடுத்துக்கொண்டு வா.

துளசிங்கம்


பம்மல்
16 நவம்பர்

ஓவியாவின் அப்பாவுக்கு,

சண்டை போட்டிருக்கலாம் என்கிறீர்கள். யாரோடு? நான் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே எனக்கென்று இருந்த ஒரே ஆள் ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்குமேல் இதைப் பற்றி எழுதினால் கடிதம் முழுக்க இதுவே ஆகிவிடும். விடுகிறேன்.

நேற்று பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் முழங்கால்வரை நனைந்துவிட்டேன். ஹாலில் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கச்சேரி தொடங்குமுன் எலியேசர் சார் மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் தோளில் இருந்த துண்டை என்னிடம் கொடுத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு மாடியில் காபி கொடுத்த கையை அவர் ஏன் நினைவில் வைத்திருக்கப் போகிறார்.

இரண்டாவது உருப்படியை ஏழு எண்ணிக்கையில் வாசித்தீர்கள். முதலில் எனக்கும் பிடிபடவில்லை. அப்புறம் தகிட தகதிமி என்று உள்ளே விழுந்தது. எங்கள் மிச்ர சாபு தாளம். என்னை அறியாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இடைவேளையில் எலியேசர் சார் நேராக வந்தார். "அம்மா, நீங்க பாடுவீங்களா? நாங்க ஏழுல வாசிக்கறோம்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. நீங்க மட்டும் கரெக்டா மொதல் தட்டுல வந்து வுழுந்தீங்க" என்றார். "எப்பவோ பாடினேன்" என்றேன். "எப்பவோன்னா இன்னாம்மா, அது எங்க போயிடப் போவுது?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு அந்நியர் என்னை அப்படிக் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. இன்று காலையில் குளித்துவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். நான் பாடிக்கொண்டிருந்த சுருதி ஐந்தரைக் கட்டை. அதில் மேல் ஷட்ஜம் எட்டவில்லை. உடைந்து, காற்றுதான் வந்தது. நாலுக்கு இறக்கினால் ஏதோ வருகிறது. அதுவும் கரகரப்புத்தான். ஆனால் வருகிறது. ஒரு மணி நேரம் ச ரி க ம சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சந்தோஷம் வந்தால் சொல்வதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை போலிருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள். ஓவியாவிடம்கூட. இது இன்னும் யாருக்கும் கேட்கிற நிலையில் இல்லை.

சுபத்ரா


சேலையூர்
19 நவம்பர்

சுபா,

படித்தேன். நாலு தடவை படித்தேன். எனக்கு என்னவோ நம் பேஜாரெல்லாம் தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

கடைசிச் சனிக்கிழமை நம் மாடியில். அன்றைக்கு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வா. அந்தப் பச்சையைக் கட்டேன். ஏன் எதற்கு என்று கேட்காதே.

துளசிங்கம்


பம்மல்
23 நவம்பர்

ஓவியாவின் அப்பாவுக்கு,

மேடவாக்கம் காபிக்கடையில் மிக்ஸி சத்தம்தான் அதிகம் கேட்டது. உங்களையும் கொஞ்சம் கேட்டேன். நன்றாக இருந்தது. வேறு எழுத ஒன்றுமில்லை.

தினமும் காலையில் உட்காருகிறேன். நாலு கட்டையிலேயே.

கடைசிச் சனிக்கிழமையும் நான் பின்வரிசையில்தான் இருப்பேன். நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது. பச்சைப் புடவை கட்டுகிறேன், அதில் எனக்குச் சிரமம் இல்லை.

சுபத்ரா


சேலையூர்
30 நவம்பர்

சுபா,

நான் உனக்கு என்ன கெடுதல் செய்துவிட்டேன் என்று மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, அத்தனை பேர் எதிரில் படியிறங்கிப் போனாய்?

நிபந்தனை எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் நல்லதுக்குத்தானே மீறினேன். ஜாஸில் இது வழக்கம். கூட்டத்தில் பாடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் மேடைக்குக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். அது மரியாதை. உனக்கு அன்றைக்குக் கிடைக்காத மேடையை நான் இன்றைக்குக் கொடுத்தேன். நம் சொந்த ஹாலில், ஊர் எதிரில், அம்மா எதிரில். அம்மாவே எழுந்து "வாம்மா சுபத்ரா, வந்து பாடு" என்றாளே, அவள் வாயால் அதைக் கேட்கத்தானே நீ இத்தனை வருஷம் காத்திருந்தாய்?

குரல் கொஞ்சம் உடைந்தது. உடைந்தால் என்ன? யாரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். நான்கூடச் சமாளித்துவிட்டேன். நீ இன்னும் இரண்டு வரி பாடியிருந்தால் சரியாகியிருக்கும்.

ஓவியா என்னோடு பேச மாட்டேன் என்கிறாள். அம்மா சாப்பிடவில்லை. நான் செய்தது தப்பென்றால் என்ன தப்பு என்று சொல்.

துளசிங்கம்


பம்மல்
2 டிசம்பர்

ஓவியாவின் அப்பாவுக்கு,

சொல்கிறேன். நடுவில் புகாமல் கடைசிவரை படியுங்கள்.

பாடத் தெரிந்தவரை மேடைக்குக் கூப்பிடுவது வழக்கம் என்கிறீர்கள். இருக்கட்டும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலா கூப்பிடுவார்கள்? நீங்கள் மைக்கைப் பிடித்து, "என் வொய்ப் சுபத்ரா இங்கதான் இருக்காங்க, ரொம்ப நாள் கழிச்சு மறுபடி பாட ஆரம்பிச்சிருக்காங்க" என்றீர்கள். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு நான் செய்ததை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று உங்களிடம் மட்டும் சொன்னதை, மைக்கில் சொன்னீர்கள். எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாள் என் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். போகாமல் இருந்தால் அதுவும் ஒரு கூத்தாகியிருக்கும் என்று போனேன்.

முன்வரிசையில் அத்தை எழுந்து நின்று வழிவிட்டார். "வாம்மா, பாடு" என்றார். அதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்றபோது நான் வாயை மூடியதும், அவர் பாடு என்றதும் வாயைத் திறப்பதும் உங்களுக்கு நியாயமாகப் படுகிறதா? அப்படியென்றால் என் தொண்டைக்கு அவர்தானே சொந்தக்காரர்?

மேடையில் என்னிடம் ஒருவர் மட்டும்தான் கேள்வி கேட்டார். எலியேசர் சார் குனிந்து, "எந்தக் கட்டைம்மா?" என்றார். நாலு என்று சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் என் வாயில் வந்தது ஐந்தரை. இருபத்து நாலு வயதில் எந்தச் சபாவில் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கக்கூடிய அதே ஐந்தரை. அவரும் பாவம், அதையே பிடித்தார். மேலே போனேன், குரல் உடைந்தது. காற்றுதான் வந்தது.

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? சிம்பல் தட்டை ஓங்கி அடித்து அதை மூடினீர்கள். சமாளித்துவிட்டேன் என்கிறீர்களே, அதுதான் அது. எலியேசர் சார் ஒரு சுரம் பிசகினால் நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பதை நான் நாலு வாரம் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு மூச்சு நேரம் கொடுத்திருந்தால் நானே கீழே இறங்கி வந்து பிடித்திருப்பேன். கொடுக்கவில்லை. மூடினீர்கள். அப்புறம் கூட்டம் கைதட்டியது. நடக்கப் பழகும் குழந்தை விழுந்தால் தட்டுவார்களே, அந்தத் தட்டல். நான் ஆடிஷனில் தேறியவள் ஐயா.

இரண்டு வாரமாக எனக்கென்று ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. நேற்றும் இன்றும் காலையில் உட்கார முடியவில்லை. வாயைத் திறந்தால் அந்தச் சிம்பல் கேட்கிறது. நீங்கள் செய்த தப்பு இதுதான்.

சுபத்ரா


சேலையூர்
7 டிசம்பர்

சுபா,

முழுசாகப் படித்தேன். நடுவில் புகவில்லை.

எனக்கு உன்னைப்போல் எழுத வராது. செய்துதான் காட்டத் தெரியும். நேற்று சனிக்கிழமை நான் வாசிக்கப் போகவில்லை. எலியேசர் சாரிடம் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். மியூசிக் கிளாஸையும் காலி செய்யச் சொல்லப் போகிறேன். டிரம்ஸைத் துணி போட்டு மூடிவிட்டேன். குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், பொங்கலுக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நீ எதை விட்டாயோ அதை நானும் விட்டுவிட்டேன். இப்போது நாம் சரிக்குச் சரி. இனிமேல் உனக்கு என்மேல் என்ன குறை இருக்க முடியும்?

அம்மா இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறாள். "ஒரு பொம்பளைக்கோசரம் எம் புள்ள கைய ஒடிச்சிக்கினானே" என்கிறாள். அவள் கிடக்கிறாள். எலியேசர் சார் உன்னை வந்து பார்ப்பதாகச் சொல்கிறார், நீ ஒரு வார்த்தை சொன்னால் நான் கேட்பேனாம். எனக்கு யார் பேச்சும் வேண்டாம். நீ வா. உன் ரூம் அப்படியே இருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது எதிரில் ஆளில்லாமல் சோறு இறங்கவில்லை சுபா.

மாதம் முடிந்துவிட்டது. நீ பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டாய்.

துளசிங்கம்


பம்மல்
10 டிசம்பர்

துளசிங்கம்,

வழக்கம்போல் 'ஓவியாவின் அப்பாவுக்கு' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். இது அவள் விஷயம் இல்லை. உங்களுக்கும் எனக்கும்தான்.

டிரம்ஸை விற்காதீர்கள். வந்து பார்த்தவரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். எலியேசர் சாரைக் காலி செய்யச் சொல்லாதீர்கள், அவர் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர் நேற்று இங்கே வந்திருந்தார். நீங்கள் இல்லாத சனிக்கிழமை எப்படி இருந்தது என்று சொன்னார். "நல்லா வாசிக்கிற கைம்மா அது" என்றார். எனக்கும் தெரியும் என்றேன். ஐந்து வாரம் கேட்டவள் நான். நீங்கள் நன்றாக வாசிக்கிறீர்கள். மோசமாக வாசித்திருந்தால், கிழவனுக்கு வந்த ஆசை என்று சிரித்துவிட்டு என்றைக்கோ வீட்டுக்கு வந்திருப்பேன்.

சரிக்குச் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சரி? நான் பாட்டை விட்ட அன்று நம் வீட்டில் ஒருவர்கூட ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளவில்லை. யாரும் அழவில்லை, யாரும் தூது போகவில்லை. அப்படி ஒன்று விட்டுப்போனது என்றே யாருக்கும் தெரியாது. நீங்கள் ஒரு சனிக்கிழமை போகவில்லை, அத்தை அழுகிறார், எலியேசர் சார் பஸ் ஏறி வருகிறார், ஊர் விசாரிக்கிறது. நான் உங்களிடம் இதைக் கேட்கவே இல்லை. நான் கேட்டதெல்லாம், அன்றைக்குச் சாப்பாட்டின்போது நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும் என்பதுதான். அதை இப்போது எந்தக் கடையில் வாங்கி வந்தும் கொடுக்க முடியாது. அதனால் கையில் இருப்பதைக் கொண்டுவந்து என் காலடியில் போடுகிறீர்கள். அதையும் என்னைக் கேட்காமலே போடுகிறீர்கள்.

நான் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். துணி போட்டு மூடிய டிரம்ஸுக்கு எதிரில் நீங்கள் தினமும் உட்கார்ந்திருப்பீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டீர்கள். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் ஒருநாள் உங்கள் முகத்தைப் பார்த்து, நான்தான் இதைச் செய்தேன் என்று நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

பதில் கேட்டீர்கள். இந்த வாரம் போய் வாசியுங்கள். அடுத்த வாரமும் போங்கள். எனக்காக விட்டேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த வீட்டில் ஒருவருடைய சங்கீதத்தை நிறுத்திய பெண் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார். இரண்டாவது ஆளாக நான் வரமாட்டேன்.

சுபத்ரா